கடல் கொடுக்கும் தூரம்: உவர்நீர் மீன்தொட்டியில் ஒட்டுண்ணித் தடுப்பு

கடையிலிருந்து வாங்கி வந்த ப்ளூ டேங் மீனை, கவரோடு அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, நேராகத் தொட்டிக்குள் விட்டேன். அப்போது என்னிடம் 200 லிட்டர் உவர்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. இரண்டு கோமாளி மீன்கள் அதில் ஓராண்டாக நலமாக வாழ்ந்துகொண்டிருந்தன. நான்காம் நாள் காலை புது மீனின் மார்புத் துடுப்பில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. கடைக்காரருக்குப் போன் செய்தேன். “புள்ளி உதிர்ந்துடுச்சுல்ல சார், இனிமே பயமில்ல” என்றார். அவரும் நம்பித்தான் சொன்னார், நானும் நம்பினேன். பதின்மூன்றாம் நாள் மூன்று மீன்கள் மீதும் ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள். அந்த வாரம் முடிவதற்குள் தொட்டியில் உயிரோடு ஒரு மீனும் இல்லை.

புள்ளி உதிர்ந்த அந்த ஆறாம் நாளில், ஒட்டுண்ணி வயிறு நிறையத் தின்று முடித்துப் பெருகுவதற்காகக் கீழே இறங்கியிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இழந்த அந்த மூன்று உயிர்களுக்காகத்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

உவர்நீர்த் தொட்டியில் ஒட்டுண்ணியைத் தடுக்கச் சொல்லப்படும் வழிகள் பத்துக்கும் மேல் இருக்கின்றன. செம்பு மருந்து, உப்பைக் குறைத்தல், தொட்டி மாற்றுதல், நன்னீர்க் குளியல், புற ஊதா விளக்கு, துப்புரவு இறால், பூண்டு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை வெறும் மருந்துச் சீட்டாகப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் எல்லாம் ஒழுங்குக்கு வரும்: இதே மீனைக் கடலில் இதே ஒட்டுண்ணியிடமிருந்து எது காத்துவந்தது? தூரம் என்பதே என் விடை. பயன் தரும் தடுப்புமுறை ஒவ்வொன்றும் அந்தத் தூரத்தைத் தொட்டிக்குள் ஏதோ ஒரு வகையில் மீட்டுத் தருகிறது. தூரத்தைத் தராத முறைகள் நமக்கு ஆறுதலை மட்டுமே தருகின்றன.

கடலிலும் கண்ணாடிக்குள்ளும்

கடல்மீனில் ஒட்டுண்ணியே இல்லாத மீன் அரிது. பவளத்திட்டில் வாழும் மீனின் செவுளில் ஓரிரண்டு ஒட்டியிருப்பது இயல்பு. அவற்றோடே அது வளர்ந்து முட்டையும் இடுகிறது. மீனைவிட்டு விழும் ஒட்டுண்ணி ஒன்று இருநூறு குஞ்சுகளை ஈனலாம். அலையும் நீரோட்டமும் அவற்றைச் சிதறடித்துவிடும். இருநூறில் ஒன்றுக்கு மீன் கிடைத்தாலே அந்த இனம் அழியாது; அதனால்தான் அது இருநூறு ஈனுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. பிறந்த குஞ்சு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சாண் தொலைவில் மீன் இருக்கிறது. கடலுக்காகப் போட்ட பெருக்கக் கணக்கு, பெட்டிக்குள் கொள்ளைநோயாக மாறுகிறது.

இந்த ஒட்டுண்ணிகளில் பலவற்றை அறிவியல் உலகம் அடைபட்ட மீன்களில்தான் முதலில் சந்தித்தது. மீனின் தோலைத் தின்னும் நியோபெனெடினியா மெல்லெனி என்ற தட்டைப்புழு 1927-இல் நியூயார்க் மீன் காட்சியகத்து மீன்களிலிருந்து விவரிக்கப்பட்டது. வெல்வெட் நோய்க்குக் காரணமான உயிரியை 1931-இல் லண்டனில் பிரவுன் என்ற ஆய்வாளர் விவரித்தார். கடல் வெண்புள்ளி நோயைப் பற்றி 1937-இல் ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் எழுதினார். அதன் காரணிக்கு கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற பெயரை 1951-இல் பிரவுன் இட்டார். கோமாளி மீன்களைக் கொல்லும் இன்னொன்றை 1970-இல் லோம், நிக்ரெல்லி என்ற இருவர் விவரித்து, புரூக்ளின் நகரப்பகுதியை நினைவூட்டும் வகையில் புரூக்லினெல்லா என்று பெயர் வைத்தார்கள். கடலில் சிதறிக்கிடந்தவரை கண்ணில் படாதிருந்தவை, தூரம் சுருங்கியதும் கொலையாளிகளாகத் தெரிந்தன.

வெண்புள்ளி: நான்கு நிலை வாழ்க்கை

தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் சந்திக்கும் எதிரி கிரிப்டோகாரியன்தான். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளியைப் போலவே தோன்றினாலும் இது வேறு வம்சம். நன்னீர்த் தொட்டிக்குச் சொல்லும் வைத்தியத்தை அப்படியே இதற்குச் செய்வதில் பயனில்லை.

இதன் வாழ்க்கை நான்கு நிலைகள் கொண்டது. முதலாவது ஊண் நிலை. மீனின் மேல்தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை திசுவைத் தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான். முழுதாக வளர்ந்தாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. இரண்டாவது இறங்கு நிலை. மீனைவிட்டு வெளியேறி, சில மணி நேரம் தரையில் ஊர்ந்து இடம் தேடுகிறது. மூன்றாவது பொதி நிலை. மணல், கல், கண்ணாடி, நத்தை ஓடு என எதிலாவது ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டி, உள்ளே பிளந்து பிளந்து இருநூறு வரை பெருகுகிறது. நான்காவது நீந்து நிலை. உறையை உடைத்து வெளிவரும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. ஒரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாகும். முதல் ஆறேழு மணி நேரத்துக்குப் பிறகு அவற்றின் வேகமும் வீரியமும் குறைந்துவிடும்.

தடுப்பின் எல்லாச் சிக்கலும் மூன்றாவது நிலையில்தான் இருக்கிறது. பெரும்பாலான பொதிகள் ஒரு வாரத்துக்குள் வெடிக்கும். எல்லாம் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஒரே மீனிலிருந்து ஒரே நாளில் விழுந்தவற்றுள்ளும் சில மூன்றாம் நாளிலும் சில பல வாரம் கழித்தும் வெடிக்கின்றன. கொலோர்னி, பர்கெஸ் என்ற ஆய்வாளர்களின் பதிவுகளில் இந்த எல்லை 72 நாள் வரை நீள்கிறது. பொதிக்குள் இருக்கும்வரை மீன் தாங்கக்கூடிய எந்த மருந்தும் அதை எட்டுவதில்லை.

இன்னொரு நுட்பம் என்னை வியக்கவைத்தது. ஊண் முடித்த ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்குவதும், பொதி வெடித்துக் குஞ்சுகள் வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில் நடக்கின்றன. இரவில் பவளமீன் ஒரு பொந்துக்குள் அசையாமல் உறங்குகிறது. ஒட்டுண்ணி அந்தப் பொந்திலேயே விழுகிறது; சில நாள் கழித்து விடியலுக்கு முன் அதே பொந்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன; அங்கே அதே மீன் திரும்ப வந்து படுத்திருக்கிறது. பரந்த கடலின் தூரத்தை வெல்ல இந்தச் சிற்றுயிர் கண்டுகொண்ட வழி இது. நள்ளிரவில் சிவப்பு விளக்கொளியில் தொட்டியைப் பார்த்தால், ஒவ்வொரு மீனும் தனக்கென்று ஒரு கல் இடுக்கைப் பிடித்துத் தினமும் அங்கேயே உறங்குவது தெரியும். பகலில் எத்தனை கவனமாகப் பார்த்தாலும் நோயின் முக்கியமான இரண்டு தருணங்கள் நம் கண்ணில் படாதது இதனால்தான்.

வெல்வெட்டும் பிறவும்

வெண்புள்ளி நாள்கணக்கில் கொல்லும். வெல்வெட் மணிக்கணக்கில் கொல்லும். அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்ற இந்த உயிரி முதலில் செவுளைத்தான் பிடிக்கிறது. உடலில் பொன்தூள் படிந்ததுபோல் தெரியும்போது செவுள் ஏற்கெனவே பாழாகியிருக்கும். மீன் வேகமாக மூச்சுவிடுவது, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை நீட்டி நிற்பது, விளக்கைக் கண்டு ஒதுங்குவது ஆகியவை முன்னறிகுறிகள். ஒரு பொதியிலிருந்து 256 குஞ்சுகள் வரை வரும். அவை சில நாட்களும், ஏற்ற சூழலில் 15 நாள் வரையும்கூடத் தொற்றும் திறனோடு இருக்கும். உப்பைக் குறைத்தாலும் கூட்டினாலும் அசராது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இன்னும் பெரிய எச்சரிக்கை: காற்றில் பறக்கும் நுண்திவலைகளோடு இது ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது, காற்றோட்டம் இருந்தால் 3 மீட்டர் வரை. புது மீனைப் பிரித்து வைக்கும் தனித்தொட்டியைப் பெரிய தொட்டியின் பக்கத்திலேயே வைத்துக் காற்றுக்கல்லை ஓடவிட்டால் அது தனித்தொட்டியே இல்லை.

புரூக்லினெல்லா பொதி கட்டுவதில்லை. மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகிறது. அதனால்தான் நேற்று நன்றாக இருந்த கோமாளி மீன் இன்று தோல் உரிந்து கோழை தொங்க நிற்கிறது. செம்பு இதற்குப் பயன்படாது; ஃபார்மலின் குளியலே வழி. யூரோனீமா என்பது அழுக்கில் பாக்டீரியாவைத் தின்று தனியாகவும் வாழக்கூடியது. பயணத்தில் நலிந்த மீன் கிடைத்தால் தசைக்குள் புகுந்து செம்புண்ணை உண்டாக்கும். உள்ளே போனபின் நீரில் கரைத்த மருந்து எட்டாது. இதற்கு எதிரான நல்ல தடுப்பு, நெரிசலும் அழுகலும் இல்லாத நீர்தான்.

தட்டைப்புழுவைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. நன்னீர்க் குளியல் கொடுத்தபோது நானே பார்த்தேன். வெப்பமும் அமிலத்தன்மையும் தொட்டி நீருக்கு ஈடாக்கிய, காற்று ஊட்டிய நன்னீரைக் கறுப்பு வாளியில் எடுத்து, மீனை ஐந்து நிமிடம் விட்டேன். தோலோடு தோலாகக் கண்ணாடிபோல் ஒளிந்திருந்த புழுக்கள் மூன்றாம் நிமிடம் வெள்ளையாக வெளுத்து, எள்ளளவு செதில்களாக வாளியின் அடியில் உதிர்ந்தன. குளிக்கும் முன் அந்த மீனில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நோய் கண்ணுக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை என்ற எண்ணத்தை அந்த வாளி என்னிடமிருந்து எடுத்துவிட்டது. இந்தப் புழு ஆணும் பெண்ணும் ஒன்றானது. துணையே இல்லாமல் ஒன்றே முட்டையிட்டுப் பெருக வல்லது. முட்டைகளுக்கு நூல்போன்ற வால் உண்டு. வலையிலும் குழாயிலும் சிக்கிக்கொள்ளும். மனிதக் குடற்புழுவுக்குத் தரும் பிராசிகுவான்டெல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் முட்டைகள் பொரிந்தபின், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, மறுமுறை தரவேண்டும்.

தனித்தொட்டி: முதல் தூரம்

இத்தனை எதிரிகளுக்கும் பொதுவான ஒரு வாசல் இருக்கிறது: புதிதாக வரும் மீனும் அதனோடு வரும் நீரும். அந்த வாசலில் காவல் வைப்பதே தனித்தொட்டி. மீன் பிடித்தவரிடமிருந்து மொத்த வியாபாரி, ஏற்றுமதியாளர், கடை என்று ஒவ்வோர் இடத்திலும் பல ஊர் மீன்கள் ஒரே நீரைப் பகிர்கின்றன. கடையில் எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும், அந்த மீன் தன் பயணத்தில் யார் யாரோடு இருந்தது என்பதை நாம் அறிய முடியாது.

தனித்தொட்டிக்கு அலங்காரம் வேண்டாம். 60 முதல் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், முன்பே ஓடும் தொட்டியில் ஊறவைத்துப் பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், மூடி. மணலும் கல்லும் கூடாது; அவை மருந்தை உறிஞ்சும், பொதிக்கும் இடம் தரும். இதில் மீன் சாவது பெரும்பாலும் ஒட்டுண்ணியால் அல்லாமல் அம்மோனியாவால்தான். தினமும் அம்மோனியா பார்த்து நீர் மாற்றத் தயாராக இல்லாதவர் தனித்தொட்டி தொடங்கவே கூடாது. வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தனியாக இருக்கவேண்டும். பொதுவாகப் பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். பொதியால் முழு உலர்ச்சியைத் தாங்க முடியாது. வேலை செய்யும் வரிசையும் முக்கியம். நலமான தொட்டியில் முதலில் கை வைத்து, தனித்தொட்டிக்குக் கடைசியாகப் போகவேண்டும்.

கால அளவு குறைந்தது நான்கு வாரம். ஆறு வாரம் என்றால் நல்லது. சும்மா வைத்துப் பார்ப்பதா, அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து தருவதா என்பதில் இரு கருத்துகள் உண்டு. பார்ப்பது மட்டும் போதும் என்பவர்கள், செம்பு மீனையும் வருத்தும் என்று சொல்வது உண்மை. ஆனால் செவுளில் மட்டும் நாலைந்து ஒட்டுண்ணிகளைச் சுமக்கும் மீன் வாரக்கணக்கில் எதையும் காட்டாமல் இருக்கக்கூடும். தடுப்பாக ஒரு முழுச் சுற்று சிகிச்சை தருவதையே நான் சரியென்று கருதுகிறேன்.

சிகிச்சையின் நான்கு வழிகள்

முதலாவது செம்பு. நம் வீடுகளில் மயில்துத்தம் என்று அறியப்படும் செம்புச் சல்பேட்டே இதன் பழைய வடிவம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை கரைந்த செம்பு இருந்தால், நீந்து நிலையில் வரும் குஞ்சுகள் மீனைத் தொடுமுன் சாகின்றன. ஊண் நிலையையும் பொதியையும் அது கொல்லாது. மீனைச் சுற்றி ஒரு வேலி போடுகிறது, அவ்வளவே. வேலி ஒருநாள் சரிந்தாலும் அதன் வழியே குஞ்சு புகுந்துவிடும். அளவு கொஞ்சம் மிஞ்சினால் மீனே சாகும். அதனால் தினமும் சோதனைக் கிட் கொண்டு அளந்து, மூன்று வாரத்துக்குக் குறையாமல் நிலையாக வைக்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் கட்டுண்ட செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு. அட்டையில் போட்டிருப்பதே கணக்கு. இறால், நத்தை, பவளம் எதுவும் செம்பைத் தாங்காது; சுறா, திருக்கை வகைகளுக்கும் ஆபத்து. வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் தடுப்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது குளோரோகுயின். மலேரியாவுக்கு நாம் அறிந்த அதே மருந்து. லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் வெல்வெட்டை நன்றாகத் தடுக்கிறது. வெண்புள்ளிக்குப் பலன் ஒரே சீராக இல்லை. தொட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லாததும், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடக்கூடும் என்பதும் குறைகள்.

மூன்றாவது உப்பைக் குறைத்தல். கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு. அதை இரண்டு நாளில் 14 அல்லது 15 பங்குக்கு இறக்கினால், பொதிக்குள்ளும் குஞ்சுக்குள்ளும் நீர் புகுந்து வெடித்துவிடுகிறது, எலும்புமீன்கள் தாங்கிக்கொள்கின்றன. நான்கு வாரம் அப்படியே வைத்து, மெதுவாக ஏற்றவேண்டும். மலிவானது, மருந்தில்லாதது, ஆனால் அளவீடு துல்லியமாக இருக்கவேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் செய்வது வீண். மிக முக்கியமாக, வெல்வெட்டுக்கு இது பயன்படாது. தைவானில் 2003-இல் பதிவான சில வெண்புள்ளி வகைகள் குறைந்த உப்பிலும் வாழ்ந்தன. ஆகவே இதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

நான்காவது தொட்டி மாற்றுதல். என் கேள்விக்கு நேரடியான விடை இதுதான். ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கினால், மறுபடி தொற்ற மூன்று நாளாவது வேண்டும். எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை மட்டும் சுத்தமான, உலர்ந்திருந்த, புது நீர் ஊற்றிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால், கீழே விழுந்தவை வெடிக்கும்போது மீன் அங்கே இருக்காது. நான்கு முறை மாற்றினால், பன்னிரண்டு நாளில், மீன்மேல் இருந்த எல்லாம் இறங்கித் தீர்ந்திருக்கும். மருந்து ஒரு துளிகூட இல்லை. கடலில் நீரோட்டம் செய்த வேலையை இரண்டு தொட்டியும் ஒரு வலையும் கையும் செய்கின்றன. வெண்புள்ளிக்கு இது மிகச் சிறந்த வழி; வெல்வெட்டுக்குப் போதாது.

இவற்றோடு, வந்த அன்றே நன்னீர்க் குளியலும், தொடர்ந்து பிராசிகுவான்டெலும் தந்தால் தட்டைப்புழு வாசலும் அடைபடும். ஃபார்மலின் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள். கையுறை, காற்றோட்டம் இல்லாமல் தொடக்கூடாது. மருந்து அளவுகளை மீன்வள அலுவலரிடமோ மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடமோ கேட்டு உறுதிசெய்வது நல்லது.

கல்லும் நத்தையும்: காலத்தின் தூரம்

மீனைத் தனியாக வைத்தவர்கள்கூட ஒரு பவளத்துண்டையோ நத்தையையோ நேராகத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். நத்தைக்கு வெண்புள்ளி வராது. ஆனால் அதன் ஓட்டில் பொதி ஒட்டி வரலாம். கல்லுக்கும் பவளத்துக்கும் மருந்து தர முடியாது என்பதால், அங்கே இடத்தின் தூரத்துக்குப் பதில் காலத்தின் தூரம் தேவை. மீனே இல்லாத நீரில் அவற்றை வைத்திருந்தால், வெடிக்கும் ஒவ்வொரு குஞ்சும் பட்டினியால் சாகும். நோய் வந்துவிட்ட பெரிய தொட்டிக்கும் இதே வைத்தியம்: எல்லா மீனையும் எடுத்துவிட்டுத் தொட்டியைக் காலியாக ஓடவிடுவது. 72 நாள் என்ற மிக நீண்ட பதிவோடு சில நாள் சேர்த்து, 76 நாள் என்பது அனுபவசாலிகள் பின்பற்றும் கணக்கு. ஒரு மீன் மறைந்திருந்தாலும், ஒரு வலை தவறாக நனைந்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஒட்டுண்ணியோடு வாழலாமா?

ஒழித்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு எதிரே, நல்ல உணவும் நல்ல நீரும் கொடுத்தால் மீன் தாங்கிக்கொள்ளும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெண்புள்ளியிலிருந்து பிழைத்த மடவை மீன்கள் ஆறு மாதம் வரை எதிர்ப்புத்திறன் காட்டியதை பர்கெஸ், மாத்யூஸ் என்ற இருவர் 1995-இல் பதிவு செய்தார்கள். வெளியிலிருந்து புதிதாக எதுவும் சேராத தொட்டியில் ஒட்டுண்ணியின் வம்சம் சில பத்துத் தலைமுறைகளில் தளர்ந்து மங்குவதையும் அவர்களே கண்டார்கள். ஆக, பல ஆண்டுகள் புள்ளியில்லாமல் ஓடும் தொட்டிகள் இருப்பது உண்மைதான்.

ஆனால் அந்த எதிர்ப்புத்திறன் பெரும்பாலும் முழுமையாக இருப்பதில்லை. நோய் அடங்கியிருக்கும், ஒட்டுண்ணி செவுளில் தங்கியிருக்கும். மின்சாரம் ஒருநாள் போய் நீர் சூடேறினால், புதிதாக ஒரு மீன் சேர்ந்தால், அடங்கியிருந்தது எழும். வெல்வெட்டோடு இந்தச் சமாதானத்தை நம்பவே முடியாது. இப்படி வாழ முடிகிற மீன்களைப் பார்த்துத்தான் நாம் வாதிடுகிறோம். வாழ முடியாதவை நம் கணக்கில் வருவதில்லை.

துணைமுறைகளையும் இதே தராசில் வைக்கலாம். துப்புரவு இறாலும் துப்புரவு மீனும் தோலின் மேலுள்ள புழுக்களைத் தின்னும். குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் காட்டியபடி துப்புரவு இறால் தட்டைப்புழு முட்டையையும் தின்கிறது. ஆனால் தோலுக்கு அடியில் புதைந்த வெண்புள்ளியை அவற்றால் எடுக்க முடியாது. புற ஊதா விளக்கு, தன் வழியாகப் போகும் குஞ்சுகளை மட்டும் கொல்லும். பொந்தில் பிறந்து பக்கத்தில் உறங்கும் மீனைப் பிடிக்கும் குஞ்சு விளக்குக்குள் போவதே இல்லை. எண்ணிக்கையைக் குறைக்க உதவும், ஒழிக்க உதவாது. பூண்டு மீனின் பசியைத் தூண்டலாம். தடுப்பாக அதை நம்ப ஆதாரம் போதாது. பவளத்துக்குத் தீங்கில்லாத மருந்து என்று விற்கப்படுபவை குறித்தும் அதையே சொல்வேன்: இறாலைக் கொல்லாத அளவு மென்மையானது குஞ்சுகளைக் கொல்லும் அளவு வலிமையானதாக இருப்பது அரிது.

நம் கரையில்

சென்னை போன்ற ஊரில் இருப்பவர்களுக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. கோடையில் குளிர்விப்பான் இல்லாத தொட்டி எளிதில் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏறினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகும், நீரில் ஆக்ஸிஜன் குறையும். செவுள் பழுதான மீனுக்கு இரண்டு அடியும் ஒன்றாக விழும். கடற்கரையிலிருந்து கேனில் நீர் கொண்டுவரும் வழக்கமும் இங்கே உண்டு. கரையோரத்து மீன்களின் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் அந்த நீரிலேயே வரலாம். குஞ்சுப் பொரிப்பகங்கள் செய்வதுபோல் குளோரின் இட்டு, ஹைப்போ போட்டுக் குளோரினை நீக்கி, சோதித்தபின் பயன்படுத்துவதே முறை. உயிர்ப்பாறை என்று கடலிலிருந்து பெயர்த்து விற்பதை வாங்கவே கூடாது. கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அது குற்றம், கூடவே நோயும் வரும் வழி.

வாங்கும் மீனைத் தேர்ந்தெடுப்பதிலேயே தடுப்பு தொடங்கிவிடுகிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்த மீன், பிடிபட்டுக் கைமாறி வரும் நீண்ட பயணத்தைக் காணாதது. அதற்கும் தனித்தொட்டி வேண்டும்தான், ஆனால் அது சுமந்துவரும் ஆபத்து குறைவு. அதோடு பவளத்திட்டிலிருந்து ஒரு மீனும் குறைவதில்லை.

காலித் தொட்டி

அந்த மூன்று மீன்களும் செத்தபின் என் தொட்டி 76 நாள் காலியாக ஓடியது. விளக்கு எரிந்தது, பம்பு ஓடியது, நத்தைகள் கண்ணாடியை மேய்ந்தன. பார்க்க வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள். சுவரில் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து அறையில், மணலும் கல்லும் இல்லாத ஒரு சின்னத் தொட்டியில், இனப்பெருக்க நிலையத்திலிருந்து வந்த இரண்டு கோமாளிக் குஞ்சுகள் பிவிசி குழாய்க்குள் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே ஒரு சுவரும், பல வாரங்களும், தனித்தனி வாளிகளும் இருந்தன. கடல் தன் மீன்களுக்குக் கேட்காமலே கொடுக்கும் தூரத்தை நான் கையால் உண்டாக்க வேண்டியிருந்தது. கடலிலிருந்து ஓர் உயிரை எடுத்து வீட்டில் வைக்கிறவர் அதற்குத் திருப்பித் தரவேண்டிய முதல் கடன் அதுதான். 77-ஆம் நாள் காலை அவற்றைப் பெரிய தொட்டியில் விட்டேன். அன்று இரவு அவை தேர்ந்துகொண்ட கல் இடுக்கில்தான் இன்றும் உறங்குகின்றன.